காப்பி போடுவதில் உள்ள வேதியியல்

(இளம் அறிவியல் – வேதியியல், மூன்றாம் ஆண்டு)

வேதியியல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஆய்வுக்கூடமும், புன்சன் அடுப்பும், மூக்கைத் துளைக்கும் அமில நெடியும்தான். "இதையெல்லாம் படிப்பதால் வீட்டுக்கு என்ன பயன்?" என்று உறவினர்கள் கேட்டால் விடை சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம். ஆனால் நாள்தோறும் பொழுது விடியும் வேளையில் தமிழ்நாட்டின் எண்ணற்ற சமையலறைகளில் ஒரு செய்முறைத் தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் கரைப்பான் உண்டு, கரைபொருள் உண்டு, வெப்பநிலை உண்டு, வடிகட்டி உண்டு, பொறுமையாகக் காத்திருக்கும் நேரமும் உண்டு. அந்தத் தேர்வின் பெயர் காப்பி போடுதல். தேர்வு எழுதுபவர் பெரும்பாலும் நம் தாயார். மதிப்பெண் போடுபவர்கள் நாம். நன்றாக இருந்தால் பேசாமல் குடித்துவிட்டுப் போகிறோம். நன்றாக இல்லையென்றால் மட்டும் வாய் திறக்கிறோம்.

நல்ல காப்பிக்குக் காரணம் கேட்டால் "கைப்பக்குவம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கைப்பக்குவம் என்பது மாயமன்று. அளவு, சூடு, நேரம் ஆகிய மூன்றையும் பல்லாண்டுப் பழக்கத்தால் கை தானே அறிந்துகொண்ட நிலைதான் அது. அந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் எவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். தூளை அள்ளிக் கொட்டினால்தான் நல்ல காப்பி கிடைக்கும் என்ற எண்ணம் தவறு என்பதும் அப்போது விளங்கும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பி வந்த வழி

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டுக்குச் சென்று, அரேபியர்களால் உலகுக்கு அறிமுகமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடான் என்னும் இசுலாமியப் பெரியவர் மக்காவுக்குச் சென்று திரும்பும்போது ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் மாநிலத்தில் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டில் காப்பியைப் பயிரிடச் செய்தார். சேர்வராயன் மலை, பழனி மலை, நீலகிரி, ஆனைமலை ஆகியவை இன்றும் தமிழ்நாட்டின் காப்பி விளையும் பகுதிகள்.

காப்பியின் வரலாற்றில் தமிழர்களுக்குத் துயரமான பங்கும் ஒன்று உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் மிகப் பலர் இங்கிருந்து போன தமிழ்க் கூலித் தொழிலாளர்களே. 1869இல் இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் அங்கே தோன்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. செடி மாறியதே தவிர, தொழிலாளர் வாழ்வு மாறவில்லை.

நம் வீடுகளுக்குள் காப்பி நுழைந்து நெடுங்காலம் ஆகிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் அது தமிழ்க் குடும்பங்களில் பரவியது. அதுவரை காலை வேளையை ஆண்டது நீராகாரமும் பழைய சோறும். காப்பி வந்த புதிதில் அதை எதிர்த்துப் பேசியவர்களும் பலர். ஆ. இரா. வேங்கடாசலபதி இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இடம்பெற்ற நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்த நூலின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றுதான் தொடங்குகிறது. தனித்தமிழ் அன்பர்கள் இதற்குக் 'குளம்பி' என்றும், 'கொட்டை வடிநீர்' என்றும் பெயர் சூட்டினார்கள். பெயர் எதுவாயினும் மணம் ஒன்றுதான். ஆகையால் வழக்கில் உள்ள சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

எந்தக் கொட்டை? எந்தத் தூள்?

காப்பித் தூள் அரைக்கும் கடையில் போய் நின்றால் "பிளாண்டேஷனா, பீபெரியா, ரோபஸ்டாவா?" என்று கேட்பார்கள். பலர் விழித்துவிட்டு, "எப்போதும் கொடுப்பதையே கொடுங்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். இந்தச் சொற்களின் பொருளை அறிந்துகொள்வது கடினமன்று.

காப்பியில் முக்கியமான இனங்கள் இரண்டு. ஒன்று அராபிகா, மற்றொன்று ரோபஸ்டா. அராபிகா உயரமான, குளிர்ந்த மலைகளில் வளர்வது. மணமும் இலேசான புளிப்பும் மிகுந்தது. ரோபஸ்டா தாழ்ந்த பகுதிகளிலும் வளரும், நோயைத் தாங்கும், கசப்பும் அழுத்தமும் மிகுந்தது. காபீன் என்னும் வேதிப்பொருள் அராபிகாவில் ஏறத்தாழ 1.2 சதவீதமும், ரோபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 சதவீதமும் இருக்கும். பழத்தைத் தண்ணீரில் பதப்படுத்தித் தோல் நீக்கிய அராபிகாவையே நம் நாட்டு வணிகத்தில் 'பிளாண்டேஷன்' என்கிறார்கள். பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தி எடுப்பது 'செர்ரி'. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒரே கொட்டை உருண்டையாக விளையும். அதுதான் 'பீபெரி'. அது தனி இனமன்று. அளவு ஒரே சீராக இருப்பதால் வறுக்கும்போது உருண்டு உருண்டு எல்லாப் பக்கமும் சமமாக வறுபடும் என்று அதை விரும்புவோர் உண்டு.

அடுத்தது சிக்கரி. இது காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஒரு செடியின் வேரை உலர்த்தி, வறுத்து, பொடித்தது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. இதில் காபீன் இல்லை. வேரில் உள்ள இனுலின் என்னும் மாவுப்பொருள் வறுபடும்போது கருகிய சர்க்கரை போன்ற நிறத்தையும் சுவையையும் பெறுகிறது. காப்பியைவிட எளிதாகவும் மிகுதியாகவும் நீரில் கரைவதால், சிக்கரி கலந்த டிகாக்ஷன் கறுத்து, கெட்டியாக இருக்கும். பாலோடு சேரும்போது இந்த அழுத்தம் பலருக்குப் பிடிக்கிறது. ஆகவே சிக்கரி கலப்பதே குற்றமன்று. சொல்லாமல் கலப்பதுதான் குற்றம். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதும், இரண்டின் விகிதத்தையும் உறைமீது அச்சிட வேண்டும் என்பதும் உணவுப் பாதுகாப்பு விதி. எனவே அடுத்த முறை தூள் வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். 80க்கு 20 என்றால் நல்ல கலவை. 60க்கு 40 என்றால், காப்பியின் விலையைக் கொடுத்து வேரை வாங்குகிறோமா என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீரை நிரப்பி, அதன்மேல் ஒரு சிட்டிகைத் தூளை மெல்லத் தூவுங்கள். காப்பித் தூள் எண்ணெய்ப் பசையால் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் நீரை உறிஞ்சி, பழுப்பு நிறக் கோடுகளை விட்டுக்கொண்டே கீழே இறங்கும். கருவி வேண்டாம், வேதிப்பொருளும் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

வறுத்தலும் அரைத்தலும்

பச்சைக் காப்பிக் கொட்டைக்குக் காப்பியின் மணம் கிடையாது. அதைக் கடித்தால் பல்தான் நோகும். நாம் காப்பி மணம் என்று சொல்வதெல்லாம் வறுக்கும்போது பிறப்பதே. கொட்டையில் உள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களைத் தருகின்றன. தோசை சிவப்பதும், ரொட்டியின் மேல்தோல் பழுப்பாவதும் இதே வினையால்தான். இதை 1912இல் விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் மெய்லார்டின் பெயரால் இது வழங்குகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசை நெருங்கும்போது கொட்டை 'பட்' என்று வெடிக்கும். உள்ளே நீராவியும் கரியமில வாயுவும் நெருக்குவதே காரணம்.

வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு தங்கியிருந்து, சிறிது சிறிதாக வெளியேறும். அரைத்தபின் இது மிக விரைவில் நடக்கிறது. வாயுவோடு மணமும் போகிறது. உட்புகும் ஆக்சிஜன் கொட்டையின் எண்ணெயைச் சிக்கடையச் செய்கிறது. புதிய தூளின்மேல் வெந்நீர் ஊற்றினால் அது நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது எஞ்சிய வாயு வெளியேறும் காட்சி. பழைய தூள் பொங்காது, சேறுபோல் அமர்ந்துவிடும். ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு கிலோவை மொத்தமாக அரைத்து வைப்பதைவிட, வாரத்துக்கு 100 அல்லது 200 கிராமாக வாங்குவதே சிக்கனம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, பெருங்காயத்துக்கும் மசாலாப் பொடிக்கும் தொலைவில் வைக்க வேண்டும். காப்பித் தூள் அண்டை வீட்டு மணத்தை உடனே கடன் வாங்கிக்கொள்ளும்.

அரைக்கும் பதத்துக்கு வருவோம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பரப்போ 60 சதுர சென்டிமீட்டராகிவிடும். பொருள் அதே அளவுதான். நீர் தொடும் இடம் மட்டும் பத்து மடங்கு. தூள் நைசாக இருந்தால் சாறு விரைவில் இறங்குவது இதனால்தான். ஆனால் மாவுபோல் அரைத்தால் பில்டரின் துளைகள் அடைபட்டு டிகாக்ஷன் இறங்காது, இறங்கினாலும் கசக்கும். கொரகொரப்பாக இருந்தாலோ நீர் நிற்காமல் ஓடிவிடும், டிகாக்ஷன் வெளுத்திருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் நைஸ் ரவையைவிடச் சற்று மெலிதாக உணரும் பதமே பில்டருக்கு ஏற்றது.

டிகாக்ஷன் என்பது என்ன?

இங்கே ஒரு வேடிக்கை. மருந்தியலில் டிகாக்ஷன் என்றால் பொருளை நீரில் இட்டுக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு, அதாவது கஷாயம். பில்டரில் நாம் தூளைக் கொதிக்க வைப்பதில்லை. வெந்நீரில் ஊறவைத்து வடிக்கிறோம். சித்த மருத்துவத்தில் ஊறல் வேறு, கஷாயம் வேறு. அந்தக் கணக்கில் நம் பில்டர் காப்பி ஊறல் வகையைச் சேர்ந்தது. பெயர் மட்டும் கஷாயத்தின் பெயர்.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டன்று. காப்பியின் சுவையே இதில்தான் இருக்கிறது. வறுத்த காப்பித் தூள் 100 கிராமில் வெந்நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 கிராம்தான். மீதி 70 கிராமும் மரநார் போன்ற சக்கை. கரையக்கூடிய அந்த 30 கிராமும் ஒரே நேரத்தில் கரைவதில்லை. முதலில் இறங்குபவை புளிப்புத் தரும் அமிலங்களும் மணப்பொருள்களும். பிறகு இனிப்பும் உடற்சுவையும் தருபவை. கடைசியில் மெல்ல இறங்குபவை கடுங்கசப்பும் துவர்ப்பும் உடையவை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950களில் இதை அளந்து பார்த்தார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து இறங்கியிருக்கும் காப்பியே பெரும்பாலோருக்குச் சுவையாக இருந்தது என்பது அவர் கண்ட முடிவு. அதற்குக் குறைந்தால் வெறும் புளிப்பு, மிகுந்தால் கசப்பு. அவர் அளந்தது பால் கலவாத காப்பியை. ஆயினும் தத்துவம் நம் பில்டருக்கும் பொருந்தும்.

ஆகவே நல்ல காப்பி போடுவது என்றால் தூளில் இருப்பதையெல்லாம் கறந்துவிடுவதன்று. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவது. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்ற விதிகள் எல்லாம் தாமே விளங்கும்.

பில்டரில் இறக்கும் முறை

நான்கு பேருக்கு வேண்டிய அளவைச் சொல்கிறேன்.

1. பில்டரின் இரு பாத்திரங்களும் ஈரமின்றி உலர்ந்திருக்க வேண்டும். மேல் பாத்திரத்தின் துளைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அடைப்பு இருந்தால், அடுப்பு அனலில் காட்டித் தட்டினால் பழைய தூள் உதிரும்.

2. தூள் 20 கிராம். அதாவது மேசைக்கரண்டியால் தலைதட்டி நான்கு கரண்டி. அதை மேல் பாத்திரத்தில் இட்டுச் சமமாகப் பரப்பி, குடை போன்ற தட்டால் இலேசாக அழுத்த வேண்டும். பலம் முழுவதையும் காட்டினால் நீர் இறங்க வழியிராது. அழுத்தாமலே விட்டால் நீர் ஒரு மூலையில் வழி கண்டுபிடித்து ஓடிவிடும். மற்ற இடத்துத் தூள் நனைந்ததோடு சரி.

3. தண்ணீர் 160 மி.லி. கொதி வந்ததும் இறக்கி அரை நிமிடம் வைத்துப் பின் ஊற்ற வேண்டும். 92 முதல் 96 டிகிரி வரை உள்ள சூடே ஏற்றது. உதகமண்டலத்து நண்பர்களுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் கொதிப்பதே ஏறத்தாழ 92, 93 டிகிரியில்தான்.

4. முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் விடுங்கள். வாயு வெளியேறித் தூள் பொங்கி அமரும். பிறகு மீதி நீரைச் சுற்றிலும் வட்டமாக ஊற்றி மூடிவிட வேண்டும்.

5. இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அதுதான் பலருக்குக் கடினம். 10 முதல் 15 நிமிடத்தில் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். அவசரப்பட்டுத் தட்டுவதும், கரண்டியால் கிளறுவதும் சக்கையைக் கீழே அனுப்பும்.

ஊற்றிய 160 மி.லி. நீரும் கீழே வராது. தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 20 கிராம் தூள் 40 மி.லி. நீரைப் பிடித்துக்கொண்டால், இறங்குவது 120 மி.லி. ஆளுக்கு 30 மி.லி. டிகாக்ஷன், 90 மி.லி. பால். நான்கு தம்ளர் காப்பி ஆயிற்று. விருந்தினர் இருவர் வந்துவிட்டால் 30 கிராம் தூளும் 240 மி.லி. நீரும் வேண்டும். 60 மி.லி. தூளோடு நின்றுவிட, 180 மி.லி. இறங்கும். கணக்கு மாறவில்லை; ஆளுக்கு அதே 30 மி.லி. ஒரு காப்பிக்கு 5 கிராம் தூள். 100 கிராமுக்கு 20 காப்பி. அவரவர் நாவுக்கேற்பச் சிறிது கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கூட்டுவதும் குறைப்பதும் தூளிலும் நீரிலும் ஒரே விகிதத்தில் இருக்கட்டும்.

தண்ணீரும் பாலும்

"எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இந்தக் காப்பி வராது" என்று சொல்வதில் உண்மை உண்டு. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுகள் காப்பியின் அமிலங்களை நடுநிலையாக்கிவிடும். மணம் மங்கி, காப்பி சப்பென்று இருக்கும். முதலாம் ஆண்டில் நாம் படித்த தற்காலிகக் கடினத்தன்மை இதுதான். நீரை நன்றாகக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டால் கால்சியம் கார்பனேட் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை எடுத்துப் பயன்படுத்தினால் வேறுபாடு தெரியும்.

பாலுக்கு விதி ஒன்றுதான். புதிதாக ஒருமுறை பொங்கக் காய்ச்சி, உடனே கலக்க வேண்டும். அதே பாலை மணிக்கு ஒருமுறை சூடாக்கினால் ஏடு படர்ந்து, காய்ந்த வாடை வந்துவிடும். கும்பகோணம் டிகிரி காப்பியின் பெயருக்குப் பல காரணம் சொல்வார்கள். பால்மானி காட்டும் அளவைக் கொண்டு தண்ணீர் கலவாத பாலைத் தேர்ந்ததால் வந்த பெயர் என்பது அவற்றில் ஒன்று. அது எப்படியாயினும், நீர்த்த பாலில் நல்ல டிகாக்ஷன் வீணாகும் என்பது உறுதி.

பால் சில சமயம் திரிந்துபோவதற்கும் காரணம் உண்டு. காப்பி இலேசான அமிலத்தன்மை உடையது. பாலின் கேசின் புரதம் 4.6 என்ற பிஎச் அளவில் திரளும். நல்ல பால் காப்பியின் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பழகிப் புளிக்கத் தொடங்கிய பாலில், நெடுநேரம் நின்று புளிப்பேறிய டிகாக்ஷனை ஊற்றினால் இரண்டு புளிப்பும் சேர்ந்து கேசினைத் திரளச் செய்துவிடும்.

டிகாக்ஷன் ஆறிவிட்டால் அதை நேரே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடக் கூடாது. மணம் ஆவியாகிக் கசப்பு மட்டும் எஞ்சும். ஆய்வுக்கூடத்தில் 'வாட்டர் பாத்' வைப்பதுபோல், வெந்நீர் உள்ள பாத்திரத்துக்குள் டிகாக்ஷன் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கலாம். பிறகு தம்ளருக்கும் டவராவுக்கும் இடையே இரண்டு மூன்று முறை ஆற்றினால் சர்க்கரை கரையும். வாய் பொறுக்கும் சூட்டுக்கு வரும். பாலின் புரதம் காற்றைப் பிடித்து நுரையாக்கும். நுரை அழகுக்கு மட்டுமன்று, மணத்தையும் மூக்குக்குக் கொண்டுசேர்க்கும்.

இரண்டாம் டிகாக்ஷன்

இப்போது நம் வீடுகளில் உள்ள ஒரு வழக்கத்துக்கு வருகிறேன். முதல் டிகாக்ஷன் இறங்கியதும், "தூளில் இன்னும் சாரம் இருக்கிறது" என்று மீண்டும் வெந்நீர் ஊற்றுவார்கள். அதில் இறங்குவது என்ன என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டிவிடும். 30இல் 20 பங்கு முதலிலேயே போய்விட்டது. எஞ்சிய 10 பங்கில் பெரும்பகுதி கசப்பும் துவர்ப்பும். இரண்டாம் டிகாக்ஷனில் நிறம் இருக்கும், மணம் இராது.

இந்த இரண்டாம் டிகாக்ஷன் யாருக்குப் போகிறது என்று கவனித்திருக்கிறோமா? முதல் டிகாக்ஷன் செய்தித்தாளோடு அமர்ந்திருக்கும் அப்பாவுக்கு. அடுத்தது விருந்தினருக்கு. பிறகு கல்லூரிக்கு ஓடும் நமக்கு. எல்லோருக்கும் முன்பு எழுந்து, அடுப்பு மூட்டி, பால் காய்ச்சி, தூள் அளந்து போட்டவர் கடைசியில் எஞ்சியதைக் குடிக்கிறார். "எனக்கு இதுவே போதும்" என்பது அவர் சொல்லும் வழக்கமான சொல். அது அவருடைய சுவை என்று நாமும் நம்பிவிட்டோம். வேலை செய்யும் பெண்மணிக்கும், வாசலில் வந்து நிற்பவர்க்கும் கொடுப்பதும் பெரும்பாலும் அதுவே.

சிக்கனத்துக்காக இதைச் செய்கிறோம் என்பார்கள். சிக்கனம் தேவைதான்; காப்பித் தூளின் விலையை அறியாதவர் யார்? ஆனால் மேலே சொன்ன அளவைப் பாருங்கள். எத்தனை பேர் குடிக்கப் போகிறார்கள் என்பதை முதலிலேயே எண்ணி, செய்பவரையும் அந்த எண்ணிக்கையில் சேர்த்து, ஒரே முறையில் தண்ணீர் ஊற்றினால், இறங்கும் டிகாக்ஷன் எல்லோருக்கும் ஒரே தரத்தில் இருக்கும். முதல் டிகாக்ஷனை நாலு பேருக்குக் கெட்டியாகக் கொடுத்து, ஐந்தாமவருக்குக் கழுநீரைக் கொடுப்பதைவிட, அதே தூளை ஐந்து பேருக்குச் சமமாக இறக்குவது மேல். ஆளுக்குச் சிறிது மென்மையாக இருக்கும். ஆனால் ஒருவருக்கும் கசக்காது. செலவு ஒரு காசும் கூடவில்லை. மாற வேண்டியது அளவன்று, எண்ணிக்கைதான்.

எவ்வளவு குடிக்கலாம்?

காப்பியின் கிளர்ச்சிக்குக் காரணமான காபீனை 1819இல் பிரித்தெடுத்தவர் ரூங்கே என்னும் இளம் ஜெர்மானிய வேதியியலார். அவர் கையில் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இதை ஆராய்ந்து பார் என்று தூண்டியவர் கவிஞர் கதே. இலக்கிய மாணவர்களும் அறிவியல் மாணவர்களும் ஒரே விடுதியில் வாழும் நம் கல்லூரிக்கு இது பொருத்தமான செய்தி அன்றோ!

நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, "களைப்பாக இருக்கிறது, உறங்கு" என்று சொல்கிறது. காபீன் அது அமரும் இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. ஆகவே களைப்புத் தீர்வதில்லை. களைப்பின் குரல் நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவே. உடலில் புகுந்த காபீனில் பாதி நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். தேர்வுக்கு முந்திய இரவு 10 மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, விடியற்காலை 3 மணிக்கும் உடலில் இருக்கும். படித்தது மனத்தில் பதிய உறக்கம் தேவை என்பதை எண்ணினால், அந்தப் பத்து மணிக் காப்பி இலாபமா நட்டமா என்பது விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், நாளொன்றுக்குக் காபீன் 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. 150 மி.லி. வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும் என்பதும் அவை தரும் கணக்கு. பால் கலந்து குடிக்கும் நமக்கு இரண்டு அல்லது மூன்று தம்ளர் போதுமானது. மேலும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பியைத் தவிர்க்க வேண்டும். காப்பியில் உள்ள பாலிபீனால்கள் உணவின் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரத்தச்சோகை நம் பெண்களிடையே பரவலாக உள்ள நாட்டில் இது சிறிய செய்தியன்று. இட்டிலியோடு காப்பியும் என்ற நம் வழக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

முடிவாக

காப்பி போடுவதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். புதிய தூள், தெளிந்த நீர், நல்ல பால், அடைப்பில்லாத பில்டர், கால் மணி நேரப் பொறுமை ஆகிய இவையே போதும். தராசில் மில்லிகிராம் வரை நிறுத்துப் பழகிய நமக்கு நான்கு கரண்டித் தூள் அளப்பது கடினமாகாது. பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் நொடிக்காகக் காத்திருந்தவர்கள், டிகாக்ஷன் இறங்கும் வரையிலும் காத்திருக்கலாம்.

இந்த விடுமுறையில் ஒரு நாள், மாணவர் மாணவியர் யாராயினும், வீட்டில் எல்லோருக்கும் முன்பாக எழுந்து இந்தச் செய்முறையைச் செய்து பாருங்கள். ஆட்களை எண்ணும்போது ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். இறங்கிய டிகாக்ஷனில் முதல் தம்ளரைக் கலந்து, நன்றாக ஆற்றி, இத்தனை ஆண்டுகளும் கடைசித் தம்ளரைக் குடித்தவர் கையில் கொடுங்கள். மதிப்பெண்ணை இம்முறை அவர் போடட்டும்.